பாலகுருவின் திங்கட்கிழமை ஜுரம்

பாலகுரு கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். படகு அலையைத் தாண்டியதும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். அந்தக் கரையில் ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அசிங்கம் கிடையாது. அவன் அப்பா எலுமிச்சம்பழத்தை முகரவைத்துப் பார்த்தார், வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிப் பார்த்தார், கடைசியில் துடுப்பாலேயே நாலு வைத்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இவன இட்டுகினு போனா வலையே வேணாம்யா. இவன் கக்கறத துன்ன மீனு தானா வரும்" என்று மற்றப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல், கேளம்பாக்கத்தில் கேட், கிரில் அடிக்கிற ஒரு பட்டறையில் அவனைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தார் அப்பா.

நெருப்பு அவனுக்கு ஒத்துக்கொண்டது. அவன் வைக்கிற வெல்டிங், மெஷினில் தையல் போட்ட மாதிரி ஓடும். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கை இருந்த அளவுக்கு ஆளுக்கு வாய் இல்லை. முதலாளி நில் என்றால் நிற்பான், குனி என்றால் குனிவான். லீவு கேட்கப் போனால் கேட்காமலே தலையைச் சொறிந்துகொண்டு திரும்புவான். குடித்தால் மட்டும் வாய் வரும். வருகிற வாயும் நல்ல வாயாக வராது.

அது வந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் தேவானந்தம், பாலகுருவின் பெண்டாட்டி மஹாலட்சுமியின் அண்ணன், கோவளத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிறவன், மேளம் முழங்கச் சீர்த்தட்டுகளோடு வருகிறான். காலையிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்த பாலகுரு வாசலில் மாலையோடு நின்று, "வா மச்சான், நாத்தம் புடிச்ச மச்சான்" என்று வரவேற்றான். பிறகு அப்படியே முன்னால் சாய்ந்து சீர்த்தட்டுகள் மேல் விழுந்தான். வளையல் நொறுங்கியது. லட்டு உருண்டு கொட்டுமேளக்காரன் காலடிக்குப் போனது.

மஹாலட்சுமி அழவில்லை. அவள் மீன் விற்கிறவள். அழுதால் வியாபாரம் நடக்காது. அன்று சாயந்திரமே அவனைக் கரையோரத்து அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றினாள். இனி தொட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் தன்னோடு இருக்கமாட்டார்கள் என்று ஊர் முன்னால் அவனைச் சத்தியம் செய்ய வைத்தாள். வாசகம் அவளுடையது. அவன் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். செம்பாக்கத்தில் லைன் வீட்டில் அவனுக்கும் எனக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் சுவர். அவன் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்கு இருமல் வரும். அவன் வேலை செய்கிற பட்டறையின் கேட்டுகளையும் பைப்புகளையும் என் குட்டியானை வண்டியில்தான் ஏற்றிப் போகிறேன். வீட்டிலும் பார்த்தேன், வேலையிலும் பார்த்தேன். ஆள் சுத்தம்.

கேளம்பாக்கத்தை விட்டு வந்தபின் அவன் வேலை செய்த செம்பாக்கத்துப் பட்டறை வினோத்குமாருடையது. போர்டில் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று எழுதியிருக்கும். இன்ஜினியரிங் படித்தவன் ஒருவனும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர், முன்னால் ஒரு இரும்பு ஷட்டர். பின்பக்கம் இருக்கிற ஜன்னல் அடுத்தவன் சுவரைப் பார்த்து நிற்கும். காற்று வர வேண்டுமானால் ஷட்டர் வழியாகத்தான் வர வேண்டும்.

வினோத்குமார் வெல்டிங் கோலைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போன் பேசுவான். "குவாலிட்டிதான் சார் நமக்கு முக்கியம்" என்பான். உள்ளே என்ன முக்கியம் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

எதிரே காலனி. அதன் சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன் பேங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து ஊரைத் திருத்துவதே அவர் வேலை. ஒருநாள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"மிஸ்டர் வினோத், இந்த ஸ்மோக்கும் சத்தமும் ரெசிடென்ஷியல் ஏரியாவுக்கு ஒத்துவராது. வாக்கிங் போறவா எல்லாம் மூக்கைப் பிடிச்சுண்டு போறா. நாங்க கம்ப்ளைன்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"கவலைய வுடுங்க சார். நாளையிலேர்ந்து உங்க பக்கம் ஒரு பொட்டு புகை வராது" என்றான் வினோத்குமார்.

மறுநாள் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டான். அதுதான் அவன் கண்டுபிடித்த வழி. புகை வெளியே வரவில்லை. வராத புகை எங்கே போகும் என்று அவனும் கேட்கவில்லை, யக்ஞநாராயணனும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பாலகுருவுக்கு வாய் கிடையாது.

அதே சமயத்தில் வேலையும் மாறியது. முன்பெல்லாம் கறுப்பு இரும்புப் பைப். இப்போது கூடுவாஞ்சேரி வரைக்கும் புது மனைகளில் வீடு கட்டுகிறவன் எல்லாம் மொட்டைமாடிக் கொட்டகைக்கு ஜி.ஐ. பைப்தான் கேட்கிறான். இரும்பு மேல் துத்தநாகம் பூசிய பைப். துரு பிடிக்காது. ஆனால் நெருப்புப் பட்டால் அந்தத் துத்தநாகம் வெள்ளையாகப் புகைந்து, இலவம்பஞ்சு வெடித்த மாதிரி பறக்கும். கேட்டில் வைக்கிற பித்தளைக் குமிழ்களைப் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டுகிற வேலையும் கூடவே வந்தது. பித்தளையிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அந்தத் துத்தநாகம்தான். பாலகுரு மூக்கில் ஒரு ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் உயர வெளிச்சத்தில், அந்தப் பஞ்சுக்குள் உட்கார்ந்து வேலை செய்தான். கைக்குட்டை அவனுக்கு வியர்வை துடைக்க உதவியிருக்கும். வேறு எதற்கும் உதவியிருக்காது.

முதல் திங்கட்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்தவன் தள்ளாடினான். கண் சிவந்திருந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். பல் கிடுகிடுவென்று ஆடியது. பிறகு வாசல் சாக்கடையில் குனிந்து வாந்தி எடுத்தான். மறுநாள் மதியத்துக்குள் சரியாகிப் பட்டறைக்குப் போய்விட்டான். செவ்வாய் முதல் சனி வரை ஒன்றுமில்லை. ஞாயிறு வீட்டில் ராஜா மாதிரி இருந்தான். அடுத்த திங்கள் சாயந்திரம் மறுபடி அதே தள்ளாட்டம், அதே சாக்கடை.

மஹாலட்சுமி கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் கண் எதிரே இருக்கிறான், தொட முடியாது. திங்கட்கிழமை வெளியே போகிறான், போன கையோடு அடக்கி வைத்ததை எல்லாம் அவிழ்த்து விடுகிறான். சரியான கணக்குத்தான், விடை மட்டும் தப்பு.

"இன்னாய்யா, ஞாயித்துக்கெயமை பூரா வெரதம், திங்கக்கெயமை படையலா?" என்று சுவர் அதிரக் கேட்டாள்.

"சத்தியமா இல்ல மஹா. வாயெல்லாம் இன்னாவோ தித்திப்பா கீது. ஓட்டக் காலணாவ சப்பின மாதிரி."

"தித்திப்பா? எந்தக் கடைல தித்திப்பு சரக்கு விக்கறான்? ஊது."

ஊதினான். பால் வாடை அடித்தது. அதுதான் அவனுக்கு எமனாகப் போயிற்று. வெல்டிங் புகைக்குப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. வினோத்குமாரும் திங்கட்கிழமைதோறும் ஒரு பால் பாக்கெட்டை வாங்கி ஷட்டருக்கு அடியில் உருட்டிவிடுவான். பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்குப் போகும். ரெண்டும் வழியில் சந்தித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் மஹாலட்சுமிக்கு எது தெரியும்? குடிகாரன் நாற்றத்தை மறைக்கப் பாலும் மோரும் குடிப்பான் என்பது தெரியும். பழைய பாலகுருவே அதைச் செய்திருக்கிறான்.

"மோரு போயி இப்ப பாலு. ஐயா ஒசந்துட்டாரு" என்றாள்.

அவள் பட்டறைக்கே போய் வினோத்குமாரிடம் கேட்டாள். நான் அப்போது பைப் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, உன் பட்டறைல குடிக்கறானா, வெளில பூட்டு குடிக்கறானா? அத்த மட்டும் சொல்லு."

வினோத்குமாருக்குப் புகை ஜுரம் என்று ஒன்று உண்டென்பது தெரியும். தெரியாதவன் எதற்குப் பால் வாங்குகிறான்? அதைச் சொன்னால் ஷட்டரைத் திறக்க வேண்டும், புகையை இழுக்கிற ஃபேன் மாட்ட வேண்டும், யக்ஞநாராயணனிடம் திட்டு வாங்க வேண்டும். அதனால் வானத்தைப் பார்த்தான்.

"நா எப்டிக்கா சொல்றது? வேலை முடிஞ்சா அவரவர் வழி. எங்க போறான், இன்னா பண்றான்னு பின்னாடியே போவ முடியுமா?"

இப்படி ஒரு வார்த்தையில் ஒருவன் குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டு, திரும்ப போனை எடுத்துக் "குவாலிட்டி சார்" என்று ஆரம்பித்தான். பாலகுரு ஷட்டருக்குப் பின்னால் இதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கேட்டுக்கொண்டு பைப்பைத் திருப்பிப் போட்டான்.

தெருமுனைக் கிளினிக்குக்கும் போனான். அங்கே இருந்த டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "ஜுரமா? வாந்தியா? ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு இடுப்பில் ஊசி போட்டார். மறுநாள் சரியாயிற்று. ஊசி போடாவிட்டாலும் மறுநாள் சரியாகியிருக்கும். பெருமை ஊசிக்குப் போயிற்று.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தவன் பாலகுருதான். ஒருநாள் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, இது ஆத்தா குடுக்கற தண்டனைண்ணே. ஞாயித்துக்கெயமையில கடையப் பாத்தா மனசு கொஞ்சம் அலையுது. தொடல. ஆனா நெனச்சுட்டேன்ல? அதான் திங்கக்கெயமை அடிக்கறா."

"ஆத்தாவுக்கு வேற வேலை இல்ல, உன் மனசுக்குள்ள டிபன் கேரியர் தெறந்து பாக்கறாளா?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். வெட்டுகிறவனிடமே கழுத்தை எந்தப் பக்கம் நீட்ட என்று ஆடு கேட்கும் என்பார்கள். அந்த ஆடு இவன்தான்.

மஹாலட்சுமி கெடு வைத்தாள். துணிகளை ஒரு பையில் அடுக்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். இன்னும் ஒரு திங்கட்கிழமை இதே கோலத்தில் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு கோவளம். சத்தியம் செய்தது அவன், ஊர் சாட்சி, யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அதோடு அண்ணனுக்கும் போன் போட்டாள்.

தேவானந்தம் திங்கட்கிழமை காலையிலேயே வந்து இறங்கினான். வெள்ளை வேட்டி, கழுத்தில் தடிமனான சங்கிலி, கையில் ரெண்டு போன். சீர்த்தட்டு விஷயம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"மாப்ள, இன்னிக்கு நீ மூத்தரம் பெய்யப் போனாலும் நா கூட வருவேன். எங்க ஊத்தறன்னு நானும் பாக்கறேன்."

"வா மச்சான்" என்றான் பாலகுரு, பாவம், சந்தோஷமாகவே.

தேவானந்தம் ஷட்டருக்கு அடியில் குனிந்து, வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே போனான். ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குச் செய்ததோ ஜி.ஐ. பைப் வேலை. கூரை வரைக்கும் வெள்ளைப் பஞ்சு. மதியம் மஹாலட்சுமி கொடுத்தனுப்பிய மீன்குழம்புச் சோற்றையும் அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வேலை முடிந்ததும் தேவானந்தம் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்து வந்தான், போலீஸ்காரன் கைதியைக் கூட்டி வருகிற மாதிரி.

வீடு வந்ததும் பாலகுருவுக்கு வழக்கம்போல ஆரம்பித்தது. அவனாவது ஆறு நாள் உள்ளே இருந்து இருந்து உடம்பு மரத்துப் போனவன், ஒருநாள் விட்டதால் வருகிறது. தேவானந்தம் அந்தப் புகையையே பார்க்காதவன். புயலில் படகு ஓட்டிய மனுஷன், தங்கை வீட்டு வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினான். கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் ஒரே சாக்கடையில் எதிரும் புதிருமாகக் குனிந்தார்கள்.

லைன் வீடே வாசலில் கூடிவிட்டது. மஹாலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காவலுக்கு வந்தியா, கம்பெனி குடுக்க வந்தியாண்ணா?"

"ஏய் லட்சுமி, அம்மா மேல சத்தியமா..." தேவானந்தத்துக்கு வாந்தி குறுக்கே வந்தது.

"அவரு பொண்டாட்டி புள்ள மேல சத்தியம் பண்ணாரு, நீ அம்மா மேல பண்ற. வூட்டுல பொம்பளைங்க தலைதான் உங்களுக்குக் கெடச்சுதா? ரெண்டு பேரும் சேந்து ஊத்திகினு வந்து எனக்கே உட்டான்ஸ் வுடறீங்களா?"

"மச்சான் மேல தப்பில்ல மஹா..."

"தோ பார்றா, ஒருத்தனுக்கு ஒருத்தன் சப்போர்ட்டு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? மறுநாள் நடுக்கம் நின்றதும் தேவானந்தம் முகத்தைக் காட்டாமல் பஸ் ஏறினான். ஏறுவதற்கு முன் தங்கையிடம் ஒன்று சொன்னான். "நா குடிக்கறவன்தான், இல்லன்னு சொல்லல. குடிச்சா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல."

அந்த வார்த்தை அவளுக்குள் குத்தியது. அண்ணன் யோக்கியனில்லை. ஆனால் குடித்ததை மறைக்கிற பழக்கமும் அவனுக்குக் கிடையாது. பையைத் தோளில் மாட்டவிருந்தவள் ஒரு வாரம் நிறுத்தினாள்.

"வர்ற திங்கக்கெயமை நானே குந்தறேன். அதுக்கப்பறமும் இதே கூத்துன்னா ஒரே பஸ்ஸு. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள். பாலகுரு தலையாட்டினான். வேண்டாம், அங்கே புகை அதிகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னானா? இல்லை. பெண்டாட்டி கூட வந்து உட்காரப் போகிறாள் என்று அவனுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம் வேறு.

அந்தத் திங்கட்கிழமை அவள் மீன் கூடை போடவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் கை, அவன் வாய், பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில், எதையும் விடவில்லை. தண்ணீரைத் தானும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். தண்ணீர்தான். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு இருமல் பிடித்தது. மதியத்துக்கு மேல் வாய்க்குள் ஏதோ தித்தித்தது. வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி துப்பிக்கொண்டே இருந்தாள். போகவில்லை. அவன் அடிக்கடி சொன்ன ஓட்டைக் காலணா அவள் நாக்கிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டுத் தரையில் சுருண்டு கிடந்தாள். பாலகுரு பக்கத்தில் சுருண்டு கிடந்தான். மகள் வந்து என் கதவைத் தட்டினாள். ரெண்டு பேரையும் குட்டியானையில் பாய் விரித்துப் படுக்க வைத்து, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பின்னாலிருந்து மஹாலட்சுமியின் குரல் வந்தது. நடுக்கத்தில் பல் அடித்துக்கொண்டே பேசினாள்.

"யோவ்... இதானா? இதத்தான் வாராவாரம் தூக்கிகினு வந்தியா?"

"ஆமா மஹா."

"நா உன்ன ஊது ஊதுன்னேனே."

"ஆமா மஹா."

"ஆமாவாம். வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

ஆஸ்பத்திரியில் சின்மயி என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. அவர் செய்த ஒரே புதுமை, தலையை நிமிர்த்திப் பார்த்ததுதான்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா? என்ன வேலை பாக்கறீங்க?"

இத்தனை வாரத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. கறி தின்றாயா, சரக்கு அடித்தாயா, ஆத்தாவை நினைத்தாயா என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். பாலகுரு சொன்னான். ஜி.ஐ. பைப், பித்தளை, ஷட்டர். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"திங்கட்கிழமை மட்டும்தானே வருது? அது துத்தநாகப் புகையால வர்ற ஜுரம். தினமும் உள்ள போனா உடம்பு கொஞ்சம் பழகிக்கும். ஒருநாள் லீவு விட்டா பழக்கம் போயிடும், மறுபடி முதல்லேர்ந்து. ஒருநாள் ரெண்டுநாள்ல தானா இறங்கிடும். ஆனா மறுபடி மறுபடி வர விடக்கூடாது."

"பாலு குடிச்சா?" என்று கேட்டாள் மஹாலட்சுமி.

"பசி அடங்கும். புகைக்கு ஒண்ணும் பண்ணாது. வெல்டிங் வைக்கற இடத்துல அந்தப் பூச்சை முதல்ல தேச்சு எடுக்கணும். ஷட்டர் திறந்திருக்கணும், புகையை வெளிய இழுக்கற ஃபேன் வேணும், வெல்டிங் புகைக்குன்னே மாஸ்க் இருக்கு, அது வேணும். கைக்குட்டை வேண்டாம். கை கழுவாம சாப்பிடக் கூடாது." பிறகு அவர் குரல் மாறியது. "எஸ்.எஸ்., அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையும் பண்ணுவீங்களா? அதுல குரோமியம், நிக்கல் இருக்கு. அது இப்படி ஜுரமா வந்து சொல்லாது, வருஷக்கணக்குல உள்ள இருந்து அரிக்கும். சில பழைய போல்ட்டுல காட்மியம்னு ஒரு பூச்சு இருக்கும். அந்தப் புகை முதல்ல இதே மாதிரிதான் ஜுரம் காட்டும். சாதாரண ஜுரம்னு நினைச்சு வீட்டுல படுத்தா, நுரையீரல்ல தண்ணி கோத்து ஆளே போயிடுவாங்க. என்ன உலோகம்னு தெரியாம நெருப்பு வைக்காதீங்க."

மார்பைப் படம் எடுத்துப் பார்த்து, ரெண்டு பேரையும் காலை வரை வைத்திருந்து அனுப்பினார்.

மஹாலட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. முகம் வெளிறிப்போய், நேராகப் பட்டறைக்குத்தான் என் வண்டியை விடச் சொன்னாள். குனிந்து ஷட்டரைப் பிடித்து ஒரே தூக்காக மேலே தள்ளினாள். அந்தச் சத்தத்துக்குக் காலனியே எட்டிப் பார்த்தது.

"யக்கா, யக்கா, எறக்குங்க. அசோசியேசன்ல பேஜார் பண்ணுவாங்க" என்று ஓடி வந்தான் வினோத்குமார்.

"இன்னா மொதலாளி, புகை ஜுரம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது வந்து... வெல்டிங்னா கொஞ்சம் அப்டி இப்டி இருக்கும்க்கா. அதான் பாலு..."

"தெரியும். தெரிஞ்சுகினுதான் எங்கிட்ட வானத்தக் காட்டின. என் புருசன் குடிகாரனாவே கெடந்தா உனக்கு ஃபேனு மிச்சம். அப்டித்தான?"

வினோத்குமார் என்னைப் பார்த்தான். நான் வண்டி டயரைப் பார்த்தேன். அதற்குள் யக்ஞநாராயணன் வாக்கிங் செருப்போடு வந்து சேர்ந்தார்.

"என்ன இது, மறுபடி ஓப்பன் பண்ணிட்டேளா? ஷட்டர் குளோஸ் பண்றதா தானே அக்ரீமென்ட்?"

"சாமி, இங்க வாங்க. உங்க மொட்டமாடில புதுசா ஒரு கொட்டா நிக்குதே, அதுக்கு பைப்பு எங்க வெந்துச்சு?"

"அது... ஆர்டர் குடுத்தோம். பணம் குடுத்தாச்சே."

"இங்கதான் வெந்துச்சு. என் புருசன் நெஞ்சுக்குள்ளதான் வெந்துச்சு. புகை உங்களுக்கு ஆவாது, நெயலு மட்டும் ஆவுமா? உள்ள வந்து குந்துங்க. ஒரே ஒரு நாளு. வூட்டுக்குப் போனதும் மாமி உங்கள ஊதச் சொல்லுவாங்க."

வேடிக்கை பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யக்ஞநாராயணன் "நான் ஹெல்த் ஆங்கிள்ல யோசிக்கலை" என்று முணுமுணுத்தார். புகையை மேலே கொண்டுபோகக் கூரைக்கு மேல் ஒரு குழாய் வைத்தால் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பெரிய மனிதர்களுக்குப் புத்தி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினால்தான் வருகிறது.

அந்த வாரமே ஃபேனும் குழாயும் வந்தன. மாஸ்க்கும் வந்தது. வினோத்குமார் முகம் மட்டும் இஞ்சி தின்ற மாதிரியே இருந்தது. மழை பெய்தால் ஷட்டரை இறக்கித்தான் ஆக வேண்டும், அர்ஜென்ட் ஆர்டர் என்றால் பூச்சு தேய்க்க எல்லாம் நேரம் கிடையாது என்று இப்போதே அங்கங்கே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஃபேனை மாட்டினாலும் அதைப் போடுகிற சுவிட்ச் அவன் பக்கம்தானே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தேவானந்தம் போன் செய்தான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்தாள். எல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், பேசாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றான்.

"நா வரலண்ணா. அந்தாளு குடிக்கல."

"அத்த ஊரு நம்பணுமே?"

"ஊரு வந்து புகைல குந்திச்சா? குந்தினவ நானு. வையி போன."

வைத்துவிட்டாள். பாலகுரு ஏதோ சிரித்தான் போலிருக்கிறது. அவள் குரல் அவன் பக்கம் திரும்பியது.

"நீ இன்னா சிரிக்கற? உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சியா? குடிக்கலங்கறதுக்காக இருக்கேன். வாயத் தொறக்காம எங்கள எல்லாம் பைத்தியமா ஆக்கினியே, அது குடிச்சத வுட மோசம். நாளைக்கு அந்தாளு ஷட்டர எறக்குன்னா இன்னா சொல்லுவ?"

"சொல்லுவேன் மஹா."

"இன்னா சொல்லுவ? இப்ப சொல்லு. நாந்தான் மொதலாளி. பாலா, ஷட்டர எறக்கு."

முதலாளியிடம் இழுக்கிற மாதிரியே இழுத்தான் பாலகுரு.

"அண்ணே... கொஞ்சம் புகையா கீதுண்ணே..."

"கொஞ்சமா? அவன் பால் பாக்கெட்ட உருட்டிட்டு போயிகினே இருப்பான். திரும்பச் சொல்லு."

"எறக்க வேணாம்ண்ணே."

"கெஞ்சாத. பிச்சையா கேக்கற? பாலா, எறக்கு ஷட்டர!"

"எறக்க மாட்டேன்."

"கேக்கல."

"எறக்க மாட்டேன்யா! வேணும்னா நீயே உள்ள குந்தி அடி!"

அந்தச் சத்தத்துக்கு என் வீட்டு அலமாரியில் டம்ளர் உருண்டது. சாராயம் உள்ளே போகாமல் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ம். சுமாரா கீது. இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள் மஹாலட்சுமி.